டீச்சர் சாமை

இன்று காலை, லீவுக்கு வந்திருக்கிற பேத்தி அடுப்படியில் மைதாப் பசை காய்ச்சினாள், டீச்சர். பள்ளிக்கூடத்தில் ஏதோ படம் ஒட்டி வரச் சொல்லியிருக்கிறார்களாம். கடையில் பசை ட்யூபில் விற்கிற காலத்தில் இது என்ன வேலை என்று நினைத்தபடி மிளகுக் கூடையோடு உள்ளே நுழைந்தேன். மிளகுக்கொடிக்குத் தெளிக்க நான் வாங்கி வைத்திருந்த மயில்துத்தத்திலிருந்தும் ஒரு துளி கிள்ளி அதில் போட்டிருந்தாள். வெந்த மைதாவின் அந்தச் சூட்டு வாசனை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது.

"எவ அவ, என்ற அடுப்புல பசை காய்ச்சறது?" என்று கத்திவிட்டேன்.

பேத்தி பயப்படவில்லை. "அம்மாதான் சொல்லிக் குடுத்துச்சு அம்மாயி. அம்மாவுக்கு அவங்க டீச்சர் சொல்லிக் குடுத்தாங்களாமா. துத்தம் போட்டா பூச்சி அரிக்காதாமா" என்றாள்.

பாருங்கள், என் வீட்டு அடுப்பு, என் துத்தம், என் பேத்தி. கைப்பக்குவம் மட்டும் உங்களுடையது.

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. ஐப்பசியில் மலையிறங்கி உங்கள் ஊருக்கு வந்திருந்தேன். சுவரில் ஒட்டியிருந்த தாளில் உங்கள் பேருக்கு முன்னால் 'மறைந்த' என்று அச்சடித்திருந்தார்கள். நல்ல, பெரிய, சின்ன என்று எத்தனை சொற்களைப் பேருக்கு முன்னால் நிற்க வைத்து நீங்கள் பாடம் நடத்தினீர்கள். இந்தச் சொல்லும் அப்படித்தான் கேட்காமல் வந்து முன்னால் நின்றுகொண்டது. உங்கள் தம்பி வீட்டார் ஒதுங்கி என் மகளுக்கு வழி விட்டார்கள். பெட்டியின் தலைமாட்டில், பெற்ற மகள் நிற்க வேண்டிய இடத்தில், சின்னப்பொண்ணு நின்றாள். நான் கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். துக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் துக்கத்துக்கு மேலே வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. அதைச் சொல்லத்தான் இந்த மடல். உங்கள் மேல் எனக்குப் பொறாமை, டீச்சர். நீங்கள் இருந்தபோதும் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அந்தப் பொறாமையில் நான் உங்களுக்கு ஒரு காரியம் செய்தேன். அதை உங்களிடம் சொல்லாமலே காலத்தைக் கடத்திவிட்டேன்.

நீங்கள் முதன்முதலில் மலைக்கு வந்தது நினைவிருக்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்கி, எழுபது வளைவும் சுற்றி வந்த தலைச்சுற்றலில், எங்கள் வாசல் பலாமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றீர்கள். உங்களுக்கும் எனக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். "ஒத்தை டீச்சர், பொம்பளை டீச்சர், கீழ்நாட்டு டீச்சர். மூணு மாசம் தாங்காது" என்றார் என் வீட்டுக்காரர். எங்கள் பக்கத்து அறையில் நீங்கள் ஆறு வருசம் இருந்தீர்கள். பள்ளிக்கூடமும் எங்கள் வேலியை ஒட்டியே இருந்ததால் நீங்கள் அங்கே பேசுவது எனக்கு இங்கே கேட்கும். நானும் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். பேர்ச்சொல், வினைச்சொல் எல்லாம் தெரியும். அதற்கு மேலே இருக்கிறதை வேலி வழியாகக் கேட்டுக்கொண்டேன். நீங்களோ உங்கள் பாடத்தில் நிற்காமல் மேல்வகுப்புப் பாடத்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்பவர்.

அன்றைக்கு மரவள்ளிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தேன். உங்கள் குரல் வந்தது.

"பேருக்கு முன்னாடி வந்து நின்னு, அது எப்படிப்பட்டதுன்னு சொல்ற சொல்லு. அதுக்குப் பெயரடைன்னு பேரு."

"அடைன்னா கல்லுல சுடறதுங்களா டீச்சர்?" யாரோ ஒரு வாலு.

"சுடலாம். எண்ணெய் நீ கொண்டு வா. இப்ப இதைக் கேளு. நல்ல பையன், நல்ல பொண்ணு, நல்ல மாடு, நல்ல மாடுங்க. பையன் போய்ப் பொண்ணு வந்தா, ஒண்ணு போய்ப் பல வந்தா. 'நல்ல' மாறுச்சா?"

"இல்லீங் டீச்சர்!"

"மாறாது. பின்னாடி யாரு வந்து நின்னாலும் அது தன் உருவத்தை மாத்திக்காது. ஆனா தனியா நிக்கச் சொன்னா நிக்காது. நான் 'நல்ல'ன்னு சொல்லிட்டு ஊருக்குப் போயிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"என்ன நல்லன்னு கேப்போமுங்க!"

"கேக்கணும். பேரு வந்தாத்தான் அதுக்கு உசுரு."

இது எனக்குச் சரியாகப் படவில்லை. சாயங்காலம் நீங்களும் நானும் உட்கார்ந்து கிழங்கு தோல் சீவும்போது கேட்டே விட்டேன். "ஏனுங் டீச்சர், பேருதான் பெருசு, முன்னாடி நிக்கறது ஒட்டிக்கிட்டு வந்ததுங்கற மாதிரி சொல்றீங்களே. எங்க மலையில அப்படி இல்லீங்க. ஊட்டு வாசல்ல வந்து நின்னு சும்மா 'சாமை குடு'ன்னா ஒருத்தியும் குடுக்க மாட்டா. என்ன சாமைன்னு கேப்பா. கட்டவெட்டிச் சாமையா, மல்லியச் சாமையா, பெருஞ்சாமையா, கருஞ்சாமையா? ஒண்ணு மூணு மாசத்துல வந்துரும், ஒண்ணு அஞ்சு மாசம் நிக்கும். முன்னாடி சொல்லு இல்லீன்னா எங்களுக்குப் பின்னாடி இருக்கற பேரு மொட்டைதானுங்."

நீங்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டீர்கள். "அக்கா, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று சொல்லி, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய் நோட்டு எடுத்து வந்து எழுதிக்கொண்டீர்கள். அஞ்சாவது படித்தவள் சொன்னதை ஒரு டீச்சர் எழுதிக்கொள்வதா? அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையில் கிழங்கில் உப்புப் போட மறந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் எழுந்து போய் உப்பு எடுத்து வந்து சாப்பிட்டார்.

பெருமை ஒருநாள்தான் இருந்தது. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்தாள் சின்னப்பொண்ணு. அவளுக்கு அப்போது பத்து வயசு. "அம்மா, முன்னாடி சொல்லு இல்லீன்னா பேரு மொட்டையாமா! டீச்சர் சொன்னாங்க!"

"அதை நாந்தாண்டி சொன்னேன்."

"போம்மா. உனக்கெங்க அதெல்லாம் தெரியும்?"

நீங்கள் வகுப்பில் என் பேரைச் சொல்லித்தான் சொன்னீர்களாம். அது பிற்பாடு தெரிந்தது. அவள் காதில் அது விழவில்லை. உங்கள் வாயில் வந்தது எல்லாம் உங்கள் சொத்து அவளுக்கு.

எல்லாமே அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அவளுக்குச் சின்னப்பொண்ணு என்று பேர் வைத்தவள் நான். என் மாமியார் பெரியபொண்ணு. அதனால் இவள் சின்னவள். மற்ற பிள்ளைகள் புதுப்பேராகக் கேட்டு அழுதுகொண்டிருந்த வயசில் இவளும் "எனக்கு வேற பேரு வேணும்" என்று அழுதாள். நீங்கள், "உன் பேருக்குள்ளயே ஓர் அடையும் ஒரு பேரும் இருக்கு கண்ணு, யாருக்குக் கிடைக்கும் அப்படி?" என்றீர்கள். அன்றையிலிருந்து அந்தப் பேரைச் சிலேட்டு முழுக்க எழுதித் தள்ளினாள். நான் வைத்தபோது பிடிக்காத பேர், நீங்கள் பிரித்துக் காட்டியதும் இனித்தது. தலை வார உங்களிடம் போனாள். என்னிடம் சீப்பைக் கொடுத்தால் "இழுக்கற" என்பாள். ஒருமுறை நான் "ஊட்டுக்கு வா" என்று கூப்பிட்டதற்கு, "ஊடு இல்லம்மா, வீடு" என்று திருத்தினாள். நீங்கள் கேட்டுக்கொண்டு வந்து அவளைத்தான் அதட்டினீர்கள். "ஊடுன்னா என்ன? உங்கம்மா கட்டினது. அவங்க எப்படி வேணா கூப்பிடுவாங்க." எனக்காகப் பேசினீர்கள். அதற்கும் சேர்த்துத்தான் அன்றைக்கு உங்கள் மேல் எரிச்சல் வந்தது. என் மகளிடம் எனக்காக இன்னொருத்தி பேச வேண்டியிருக்கிறதே என்று.

வைகாசி முடிந்து சாரல் பிடிக்கிற சமயம் அது. விதைக்க இன்னும் நாலைந்து நாள்தான் இருந்தது. நீங்கள் பிள்ளைகளிடம், "ஆளுக்கு ஒரு பிடி விதை கொண்டு வாங்க, முன்னாடி சொல்லோட" என்று சொல்லியனுப்பினீர்கள். நான் சொன்ன பேச்சை வைத்தே பாடம். மற்றப் பிள்ளைகள் ஒரு பிடிதான் கொண்டு வந்தார்கள். என் மகளுக்கு உங்கள் முன்னால் பெரிதாகக் காட்ட வேண்டும். நான் காட்டிலிருந்து திரும்புவதற்குள் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய நாலு சாமை முடிச்சுகளையும் அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த வருச விதை முழுக்க அதுதான்.

நீங்கள் பசை காய்ச்சிச் சீட்டு எழுதி ஒவ்வொன்றிலும் ஒட்டினீர்கள். கட்டவெட்டி, மல்லிய, பெருஞ், கருஞ். பாடம் முடிந்தது. மழை வலுத்ததால், நாளைக்குக் கொடுத்தனுப்பலாம் என்று எல்லாவற்றையும் பெஞ்சின் மேலேயே விட்டுவிட்டீர்கள். காலையில் பார்த்தால் ஓடு ஒழுகி, ஈரத்தில் பசை இளகி, சீட்டுகள் எல்லாம் தரையில் தண்ணீரில் கிடந்தன. முடிச்சுகள் நனையவில்லை. பேர்தான் போய்விட்டது. நாலும் வெறும் சாமை.

சின்னப்பொண்ணு நாலையும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதபடி வந்தாள். நான் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் நிற்கிற இன்னொரு பலாமரத்தடிக்குப் போனேன். ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு முன்பல்லில் கடித்தேன். பெருஞ்சாமையின் உமி பல்லுக்கு நெருநெரு என்று கிடைக்கும். கட்டவெட்டி சட்டென்று உடையும். கருஞ்சாமையில் ஒரு துவர்ப்பு. நாலே கடி. நாலும் தெரிந்துவிட்டது. வலமிருந்து இடமாக வரிசையாகக்கூட வைத்துவிட்டேன்.

அப்போது நீங்கள் முன்வாசல் பக்கமாக வந்தீர்கள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. "அக்கா, எது எதுன்னு உங்களுக்குத் தெரியுதா?"

உங்களுக்குப் பின்னால் என் மகள் உங்கள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகிற பிள்ளை பிடித்துக்கொள்ள இந்தப் பக்கமும் ஒரு புடவை இருந்தது, டீச்சர்.

"தெரியலீங். பேரு போனாப் போனதுதானுங்" என்றேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் பொய் ஒன்றோடு போயிருக்கும். நான் நிறுத்தவில்லை. விதைக்கிற அன்றைக்கு என் வீட்டுக்காரர் ஏரைப் பூட்டிக்கொண்டு, "ஏம்புள்ள, எது முந்தி, எது பிந்தி?" என்று கேட்டார். "டீச்சரைப் போய்க் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, கட்டவெட்டியையும் பெருஞ்சாமையையும் என் கையாலேயே ஒரே முறத்தில் கொட்டிக் கலந்து கொடுத்தேன். என் மாமியார் காலத்திலிருந்து பிரித்துப் பிரித்துக் காப்பாற்றிய விதை.

ஆவணியில் காடு கேலிக்கூத்தாக நின்றது. குட்டையாய் நின்றது முற்றி உதிர்ந்து, குருவி கொண்டுபோனது. நெட்டையாய் நின்றது பச்சைக்கு மேல் வரவில்லை. அறுக்கப் போனால் பச்சை மிதிபடும், விட்டு வைத்தால் பழுத்தது கொட்டும். பக்கத்துக் காட்டுப் பாப்பாத்தி வரப்பில் நின்று, "ஏனக்கா, இது என்ன புதுச் சாமை? எங்க ஊட்டுல இல்லியே?" என்று சிரித்தாள்.

"இதுவா? டீச்சர் சாமை" என்றேன்.

ஊரெல்லாம் பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் பாட்டாகவே பாட ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் காதுக்கும் வந்தது. அன்று சாயங்காலம் என்னிடம் வந்து, சிரிக்கப் பார்த்து, சிரிப்பு பாதியில் நிற்க, "அக்கா, டீச்சர்ங்கறது பேர்ச்சொல்லு. ஆனா சாமைக்கு முன்னாடி நிறுத்தினதும் அடை வேலை பாக்குது பாருங்க. பலா மரம், மலை வாழை மாதிரி. நாளைக்கு வகுப்புல சொல்லிடறேன்" என்றீர்கள். சொல்லவும் செய்தீர்கள். பலகையில் பெரிதாக 'டீச்சர் சாமை' என்று எழுதிப் பாடம் நடத்தினீர்கள். அதற்கப்புறம் எந்தப் பிள்ளையும் பாடவில்லை. பாடமாகிவிட்டதில் என்ன கேலி இருக்கிறது? நான் எறிந்த கல்லை எடுத்து உங்கள் மேஜைமேல் காகிதம் பறக்காமல் வைத்துக்கொண்டீர்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் வராது.

எனக்கு அதுவும் போதவில்லை. ஊர்க்கவுண்டரிடம் போனேன். எங்கள் மலையில் ஒருவர் விதையை இன்னொருவர் கெடுத்துவிட்டால், கெடுத்தவர் விதை கேட்டு நடக்க வேண்டும். கடையில் வாங்கித் தரக்கூடாது. வீடுவீடாகப் போய் முந்தானை ஏந்தி, விதையின் முழுப்பேர் சொல்லிக் கேட்க வேண்டும். பேர் பிசகினால் போட மாட்டார்கள். "நம்மளுக்கு ஒரு வழக்கம், டீச்சருக்கு ஒரு வழக்கமுங்களா?" என்று கேட்டேன். அவர் தாடையைத் தடவினார். "கவர்மெண்டு ஆளாச்சே புள்ள. போகச் சொல்ல முடியுமா?" என்றார். நீங்கள் போக மாட்டீர்கள் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். நீங்கள் அவமானப்பட்டு, மாற்றல் எழுதிப் போட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடுவீர்கள் என்று கணக்கு.

கவுண்டர் கூட்டிய ஊர்க்கூட்டத்தில் நீங்கள் எழுந்து நின்று, "எப்ப கெளம்பணுங்க?" என்று கேட்டீர்கள்.

அறுப்பு முடிந்து வீடுகளில் விதை எடுத்து வைக்கிற மாசம் அது. வாரா வாரம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடந்தீர்கள். திண்ணனூர் நாடு, குண்டனி நாடு என்று, மலைக்குள்ளே ரோடு போகாத குடிகளுக்கெல்லாம் ஒற்றையடிப் பாதையில். வழி காட்ட யார் போனது? என் மகள். அதை நான் யோசிக்கவே இல்லை, டீச்சர். உங்களை விரட்டப் போட்ட திட்டத்தில் என் பிள்ளையை நானே உங்களோடு சேர்த்து அனுப்பிவிட்டேன். ஒவ்வொரு சாயங்காலமும் இரண்டு பேரும் முள் கீறிய காலோடு, வாய் நிறையக் கொய்யாவோடு, நான் இல்லாத இடத்தில் நடந்த கதைகளோடு வந்தீர்கள்.

குண்டனி நாட்டில் ஒரு பாட்டி உங்களைச் சோதித்தாளாம். அதைச் சின்னப்பொண்ணு அடுப்படியில் நடித்துக் காட்டினாள். கூன் போட்டுக்கொண்டு, "என்ன சாமை வேணும் சாமி?" "கருஞ்சாமைங்கம்மா." "ஏன், அரிசி கருப்பா இருக்குமா?" "இல்லீங்கம்மா, உமிதான் கருப்பு. அரிசி வெள்ளை." "அட, கீழ்நாட்டுக்காரிக்கு யாரு சொன்னது?" "நானிருக்கற ஊட்டுக்கார அக்கா சொன்னாங்க." "அவ கெட்டிக்காரிதான். ஏந்து முந்தானைய." நடித்து முடித்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். 'ஊட்டுக்கார அக்கா' என்று அந்தக் கதைக்குள் நான் இருந்தும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அஞ்சு வாரத்தில் பதினோரு முடிச்சுகளோடு வந்து என் முன்னால் வைத்தீர்கள். என்னிடம் இருந்தது நாலு. சுருட்டைக் கேழ்வரகு என்று என் மாமியார் வாயில் கேட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. அதுவும் இருந்தது. இந்தத் தடவை சீட்டை வெளியே ஒட்டாமல் விதையோடு உள்ளே வைத்துக் கட்டியிருந்தீர்கள். இன்றைக்கும் இரண்டு நாட்டிலும் உங்களைக் கேட்காத வீடு இல்லை. "அந்த முந்தானை ஏந்தின டீச்சர் நல்லா இருக்குதா?" என்று சந்தையில் என்னைத்தான் நிறுத்திக் கேட்பார்கள். உங்களுக்கு அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தவள் நான்.

அடுத்த சித்திரையில் அவள் அஞ்சாவது முடித்தாள். உங்களுக்கும் கீழே மாற்றல் வந்தது. என் அடுப்படித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டீர்கள். "அக்கா, இவளை என்கூட அனுப்புங்க. நான் இருக்கிற ஊர்லயே பெரிய பள்ளிக்கூடம் இருக்கு. என் வீட்டிலயே வெச்சுப் படிக்க வைக்கிறேன்."

"யாரூட்டுப் புள்ளைய யாருங் கேக்கறது?"

"உங்க பிள்ளையைத்தான். உங்ககிட்டத்தான் கேக்குறேன்."

நான் மகளைப் பார்த்தேன். "நீ சொல்லு. அம்மாவா, டீச்சரா?" அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. பதினோரு வயசுப் பிள்ளை தரையில் விரலால் கோடு கிழித்துக்கொண்டே இருந்தாள். வாய் திறக்கவில்லை. எனக்கு அதுவே பதில். "கூட்டிட்டுப் போங்க. திரும்பக் கொண்டாந்து உடோணும்னு இல்லீங்" என்று சொல்லி, உலையில் கிடந்த கரண்டியை எடுத்து வீசினேன். இன்றைக்கு ஊரில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? 'அஞ்சாவது படிச்ச பொம்பளை, அந்தக் காலத்துலயே மகளைத் துணிஞ்சு படிக்க அனுப்பிச்சா' என்று. நானும் தலையை ஆட்டி வாங்கிக்கொள்கிறேன். துணிச்சல் இல்லை அது. கோபம்.

அந்தப் பயணத்தில் இருபதாவது வளைவு தாண்டுவதற்குள் அவள் உங்கள் மடியில் வாந்தி எடுத்ததாகக் கண்டக்டர் வந்து சொன்னார். அதற்குக்கூட எனக்குப் பொறாமை வந்தது. அவள் வாந்தி எடுத்து வளர்ந்த மடி என்னுடையது. வருசா வருசம் உங்களுக்குப் பலாப்பழம் கொடுத்தனுப்பினேன். மரத்திலிருந்த நல்ல பழத்தை வைத்துக்கொண்டு அதற்கு அடுத்ததை அனுப்புவேன். நீங்களோ, 'இந்த மாதிரி சுளை தின்னதே இல்லை அக்கா' என்று எழுதுவீர்கள். அடுத்த வருசமும் நான் அப்படியேதான் செய்வேன்.

உங்களைப் போலவே அவளும் தமிழ் டீச்சர் ஆனாள். கல்யாணம், பேத்தி, கீழே வீடு. லீவுக்கு லீவு வருகிறாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம், நான் முறத்தில் கலந்த அந்தக் கலவை நினைவு வரும். உண்மை தெரிந்தால் இந்தச் சிரிப்பு இருக்குமா? உங்களை முந்தானை ஏந்த வைத்தது தன் அம்மாவின் பொய் என்று தெரிந்தால், எனக்கு மிச்சம் இருக்கிற மகளும் இல்லாமல் போய்விடுவாளே என்ற பயம். முப்பது வருசத்துக்கு மேலே அந்தப் பயத்தோடுதான் அவளுக்குச் சோறு போட்டேன்.

இன்றைக்கு அந்தப் பசை வாசனை என்னை உட்கார விடவில்லை. பேத்தி படம் ஒட்டப் போனதும், மிளகுக் கொத்தைத் தேய்த்து உதிர்த்துக்கொண்டே மகளிடம் சொல்லிவிட்டேன். பலாமரத்தடி, நாலு கடி, முறம், எல்லாம். அவள் முகத்தைப் பார்க்காமல் மிளகைப் பார்த்துச் சொன்னேன்.

அவள் கை நிற்கவில்லை. "தெரியும்மா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ கடிச்சுப் பாத்ததை டீச்சர் பள்ளிக்கூடத்து ஜன்னல்ல இருந்து பாத்துட்டாங்க. மொதோ வாரம் திண்ணனூர் போற வழியிலேயே எங்கிட்டச் சொன்னாங்க. 'உங்கம்மா வாய்க்கு எல்லாச் சாமையும் தெரியும் கண்ணு. ஆனா நீ கேக்கக் கூடாது. அவங்களாச் சொல்ற அன்னைக்குக் கோவிச்சுக்காதே'ன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

மிளகு என் மடியிலிருந்து சிதறியது. "தெரிஞ்சுமா அத்தனை ஊரு நடந்தா? எதுக்கு?"

"நானும் கேட்டேன். 'நான் உங்கம்மாகிட்ட உன்னைக் கேக்கப் போறேன். அவ்வளவு பெருசைக் கேக்கறதுக்கு முன்னாடி நானும் எதையாச்சும் ஏந்திக் கொண்டாந்து வைக்கணும்ல'ன்னாங்க."

சிதறிய மிளகைப் பொறுக்கிக்கொண்டே யோசித்தேன், டீச்சர். பத்து வயசிலிருந்து இவளுக்குத் தெரியும். தெரிந்தும் லீவுக்கு லீவு வந்திருக்கிறாள். தெரிந்தும் என் தலைக்கு எண்ணெய் வைத்திருக்கிறாள். நான் பயந்துகொண்டிருந்த அந்த நாள் முப்பது வருசத்துக்கு முன்னாலேயே வந்து, எனக்குத் தெரியாமலே போய்விட்டிருக்கிறது. நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. என்னைப் பற்றிய ஒரு ரகசியத்தை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, எனக்குத் தெரியாமல், இத்தனை வருசம் வைத்துக் காப்பாற்றியிருக்கிறீர்கள் என்பதுதான் முதலில் சுட்டது. என் பொய்யிலும் உங்களுக்கு ஒரு பங்கா? மன்னிக்கிற வேலையையும் நீங்களே எடுத்துக்கொண்டால் நான் என்னதான் செய்வது?

"எனக்கும் அப்படி அழுவியாடி? அன்னைக்குத் தலைமாட்டுல நின்னு அழுதாப்பல?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட வெட்கத்தில் காது சுட்டது.

சின்னப்பொண்ணு மிளகுக் கையால் கண்ணைத் துடைத்து, காரம் ஏறி, ஒரு கண்ணில் தண்ணீர் கொட்ட என்னைப் பார்த்தாள். "நீ எங்க சாகப் போறம்மா? டீச்சர் மேல இருக்கற பொறாமையிலயே நூறு வருசம் கெடப்ப. எனக்கு அழ நேரமே குடுக்க மாட்ட" என்றாள். சொல்லிவிட்டு என் மடியில் தலையை வைத்துப் படுத்துவிட்டாள். நரை ஓடிய தலை. எத்தனையோ வருசத்துக்கப்புறம் என் மடியில்.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை, டீச்சர். கேட்டால் நீங்கள் ஜெயித்ததாகிவிடும். நீங்கள் ஏந்தி வந்த பதினோரு விதையையும் வருசா வருசம் விதைத்துப் பிரித்து வைத்து வருகிறேன், ஒன்றைக்கூட விடவில்லை. அதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பொறாமையையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். மலையில் யாரைப் பார்த்தும் எனக்கு இப்படி வந்ததில்லை, இனி வரப்போவதும் இல்லை. மகள் சொன்ன அந்த நூறு வருசமும் நான் இருந்தால், அத்தனை நாளும் மனசுக்குள் சண்டை போட எனக்கு நீங்கள் வேண்டும்.